நூறு ரூபாய் கிளிப்பும் அப்பாவின் தோள்பட்டையும்

காரில் சீட் பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் அந்தச் சத்தத்தை நிறுத்த ஆறு மாதம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் நின்றது. ஆனால் நான் நிறுத்தப் பார்த்த எந்த வழியிலும் இல்லை.

எனக்குக் காவேரிப்பட்டணத்தில் உரக்கடை. ஊருக்கு வெளியே நாலு கிலோமீட்டரில் கொஞ்சம் மாந்தோப்பு. கடைக்கும் தோப்புக்கும் கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்குமாக வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். 2021-ல் புதுக் கார் வாங்கினேன். அதற்கு முன்பு இருந்த பழைய காரில் பெல்ட் போட்டாலும் போடாவிட்டாலும் கேட்க நாதியில்லை. 2019 ஜூலை 1-க்குப் பிறகு வந்த கார்களில் டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். 80-ஐத் தாண்டினால் அடிக்கும் வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் எடுக்கும்போது கத்தும் சென்சார் எல்லாம் அதே நாளில் கட்டாயமானவைதான். ஆக மொத்தம் வாய் ஓயாத வண்டி.

நான் பெல்ட் போடுகிறவன்தான். பிரச்சினை பக்கத்து சீட். அங்கே அப்பா உட்காருவார்.

அப்பாவுக்கு வயது 74. தினமும் காலையில் தோப்புக்கு என்னோடு வருவார். சீட்டை நன்றாகப் பின்னால் சாய்த்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டால் தோப்பு வரும்வரை அசையமாட்டார். தெருமுனை தாண்டி வண்டி வேகம் எடுத்ததும் டிங், டிங், டிங். கொஞ்ச நேரத்தில் அதுவே அவசரமாகி டிங்டிங்டிங். "பெல்ட் போடுப்பா" என்பேன். "தோப்பு வந்துடுச்சு, விடுடா" என்பார். இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சத்தம் அப்பாவுக்குக் கேட்காது. வயதானால் காது முதலில் இழப்பது மெல்லிய, கீச்சென்ற சத்தங்களைத்தான். கடையில் போன் அடித்தாலும் அவருக்குத் தெரியாது, லாரி ஹாரன் மட்டும் தெரியும். பெல்ட் போடாதவர் நிம்மதியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார், போட்ட நான் மண்டையில் ஆணி அடிப்பதுபோல அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவேன். தண்டனை ஆள் மாறி வருகிறது.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டிவிட்டு, அதன்மேல் அப்பாவை உட்காரச் சொன்னேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள், "முதுகுல என்னமோ குத்துதுடா" என்று அவரே கழற்றிவிட்டார். மறுபடியும் டிங் டிங்.

2023 மே மாதம். மாங்காய் சீசன். கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் ஒரு கார் அலங்காரக் கடைக்கு மிதியடி வாங்கப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் சரம் சரமாகத் தொங்கியது அந்தக் கிளிப். பெல்ட்டின் நுனியில் ஒரு உலோக நாக்கு இருக்கிறதே, அதை மட்டும் தனியாக வெட்டி எடுத்து ஒரு பிளாஸ்டிக் தலை வைத்ததுபோல இருக்கும். சீட் ஓரத்தில் பெல்ட்டை மாட்டும் பூட்டு, அதுதான் பக்கிள், அதில் சொருகிவிட்டால் போதும், பெல்ட் போட்டாயிற்று என்று வண்டி நம்பிவிடும். தலையில் கார் கம்பெனிச் சின்னம் வேறு அச்சடித்து வைத்திருந்தார்கள், கம்பெனியே செய்து கொடுத்ததுபோல. இன்னொரு ஓரத்தில் பாட்டில் மூடி திறக்க ஒரு வளைவு. கார் ஓட்டுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு வேறு என்ன இருக்க முடியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

"இது இல்லாம யாருண்ணா இப்ப ஓட்றாங்க?" என்றார் கடைக்காரர். ஜோடி நூறு ரூபாய்.

அதே மே மாதத்தில்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து பெரிய இணைய விற்பனைத் தளங்களுக்கு இந்தக் கிளிப்பை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டு, 13,000-க்கும் மேற்பட்ட விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன என்பது எனக்கு அப்போது தெரியாது. அதற்கு முந்தைய செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவில் பால்கர் அருகே விபத்தில் இறந்தார். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று தெரிந்த பிறகுதான் பெல்ட் பேச்சே நாட்டில் சூடுபிடித்தது. இணையத்தில் எடுத்தார்கள், கடைவீதியில் சரம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அப்பா பக்கத்துப் பக்கிளில் ஒன்றைச் சொருகினேன். நிசப்தம். அன்று தோப்புவரை போனது இன்னும் நினைவிருக்கிறது. சன்னலைத் திறந்துவைத்து, தென்பெண்ணைக் காற்றில், மகாராஜா மாதிரி ஓட்டினேன்.

ஜோடியில் இன்னொன்று மிச்சம் இருந்தது. காசு கொடுத்து வாங்கியது சும்மா கிடக்கிறதே என்று என் பக்கத்திலும் சொருகிவிட்டேன். நான்தான் எப்போதும் பெல்ட் போடுகிறவன் ஆயிற்றே, கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெரு ஓட்டும்போது மட்டும் தொந்தரவில்லாமல் இருக்கட்டும் என்பது கணக்கு.

மூன்று வாரம் ஆகியிருக்கும். தர்மபுரியில் ஒரு விதைக் கம்பெனிக் கூட்டம். காலையில் கிளம்பிப் போகிறேன். காரிமங்கலம் பக்கத்தில் போலீஸ் சோதனை. கண்ணாடியை இறக்கினேன். "சார், பெல்ட்?" என்றார் அந்தக் காவலர். "போட்டுத்தானே..." என்று நெஞ்சில் கை வைத்தேன். வெறும் சட்டை. தேசிய நெடுஞ்சாலையில் அத்தனை தூரம் வெறும் சட்டையோடு வந்திருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை.

அவர் எட்டிப் பார்த்து கிளிப்பை உருவினார். புரட்டிப் பார்த்தார். "இது எதுக்கு சார், சோடா உடைக்கவா?" என்று கேட்டுவிட்டு என் கையிலேயே கொடுத்தார். மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவு, ஆயிரம் ரூபாய். 2019 திருத்தத்தில் வந்த தொகை அது. நூறு ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு ஆயிரம் ரூபாய் வரி கட்டினேன் என்று வீட்டில் சொன்னபோது என் மனைவி, "ஏங்க, அந்த நூறையும் சேத்து சொல்லுங்க" என்றாள்.

பணத்தைவிட உறுத்தியது வேறு. பழக்கம் பழக்கம் என்கிறோம். நூறு நாளில் தொண்ணூற்றொன்பது நாள் கை தானாகப் போய் மாட்டும். அந்த ஒரு நாள், போன் பேசிக்கொண்டே ஏறிய நாள், மனசு எங்கோ இருந்த நாள், அந்த நாளுக்காகத்தான் டிங் டிங் இருக்கிறது. போடாதவனைவிட, போடும் பழக்கம் உள்ளவனுக்குத்தான் அது அதிகம் உதவுகிறது. என் பக்கத்துக் கிளிப்பை அன்றே எடுத்துவிட்டேன். அப்பா பக்கத்தில் இருந்ததை எடுக்கவில்லை. மனுஷன் புத்தி அப்படி.

அது தானாகவே போனது. ஆகஸ்டில் ஒரு நாள், என் மகள், ஏழு வயது, முன் சீட்டில் ஏறி விளையாடும்போது கிளிப்பைப் பிடித்து ஆட்டியிருக்கிறாள். பிளாஸ்டிக் தலை கையோடு வந்துவிட்டது. உலோக நாக்கு உள்ளேயே நின்றுவிட்டது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் சரியான நாக்கை ஸ்பிரிங் வெளியே தள்ளும். இது மெல்லிய தகடு, கோணலாக மாட்டிக்கொண்டது. மூக்குக் குறடு, ஊக்கு, ஸ்க்ரூ டிரைவர், எதற்கும் மசியவில்லை. இனி யாராவது நல்ல பெல்ட்டைப் போட நினைத்தாலும் அந்த சீட்டில் போட முடியாது. போதாததற்கு, தகடு பாதி நகர்ந்ததில் பக்கிளுக்குள் இருக்கும் சுவிட்ச் விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது போல. யாருமே உட்காராவிட்டாலும் கடை மூட்டை எதையாவது வைத்தால் நினைத்த நேரத்துக்கு டிங் டிங்.

சீட்டுக்கு அடியில் வயர் போகிறது, அந்த சாக்கெட்டைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது என்று போனில் ஒரு வீடியோவில் ஒரு பையன் முப்பது வினாடியில் செய்து காட்டினான். எனக்கும் கை ஊறியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, தரையில் கன்னத்தை வைத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன். ஒரு சிலேட்டுப் பலப்பம், இரண்டு நிப்பட் (எங்கள் பக்கத்துத் தட்டை), ஒரு காலி பாட்டில், அதற்கு அப்பால் இரண்டு சாக்கெட். ஒன்று சின்னது, கறுப்பு. இன்னொன்று மஞ்சள் உறை போட்டது. பளிச்சென்று தெரிந்த மஞ்சளைப் பிடித்து இழுத்தேன். சாவி ஆனில் இருந்தது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து பார்த்தால் டேஷ்போர்டில் ஒரு புது விளக்கு. உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், முகத்துக்கு எதிரே ஒரு பந்து. ஏர்பேக் விளக்கு. அவசரமாக சாக்கெட்டை மாட்டினேன். விளக்கு அணையவில்லை. சாவியை எடுத்துப் போட்டேன். அணையவில்லை. பேட்டரியைக்கூடக் கழற்றி மாட்டினேன். அந்த ஆள் பந்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் சர்வீஸ் சென்டர். ஸ்கேனரை மாட்டிப் பார்த்த தம்பி பர்கூர் பக்கம், இருபத்தைந்து வயசு இருக்கும். "மஞ்சள் வயரைத் தொட்டீங்களா சார்?" என்றுதான் ஆரம்பித்தான். நான் பேசாமல் நின்றேன்.

அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். காரில் மஞ்சள் உறையோ மஞ்சள் சாக்கெட்டோ கண்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. ஏர்பேக் மட்டுமல்ல, பெல்ட்டைச் சட்டென்று இறுக்கும் ப்ரீடென்ஷனர் என்ற சாதனமும் அதில்தான் சேரும். மோதல் நடக்கும் கணத்தில் பெல்ட்டில் இருக்கும் தொளதொளப்பை இழுத்து எடுப்பது அதன் வேலை. அதற்குள் கொஞ்சம் மருந்து இருக்கிறது, பட்டாசு மருந்து மாதிரி. மின்சாரம் பட்டால் வெடித்து இழுக்கும். அதைத்தான் நான் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு பிடித்து இழுத்திருக்கிறேன். சாவி ஆனில் இருக்கும்போது அந்த இணைப்பு விட்டால் கம்ப்யூட்டர் ஒரு கோளாறாக எழுதி வைத்துக்கொள்ளும், திரும்ப மாட்டினாலும் பல வண்டிகளில் ஸ்கேனர் வைத்து அழித்தால்தான் விளக்கு அணையும். விளக்கு எரியும்வரை ஏர்பேக்கை நம்ப முடியாது. அந்த இடத்தில் கை வைக்க வேண்டிய வேலை உண்மையிலேயே இருந்தால் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் விட்டுத்தான் தொட வேண்டும். அந்த வீடியோப் பையன் இதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னால் முப்பது வினாடியில் முடியாதே.

கிளிப்பைப் பற்றியும் கேட்டேன். "சத்தம் மட்டும் நிக்கலை சார். பெல்ட் போட்டிருக்காங்கன்னு ஏர்பேக் கம்ப்யூட்டரையும் சேத்து ஏமாத்துறோம்" என்றான். பல வண்டிகளில் பக்கிள் சுவிட்ச் அந்தக் கம்ப்யூட்டருக்கும் தகவல் கொடுக்கிறது. பெல்ட் போட்ட ஆள், போடாத ஆள் என்று பார்த்துத்தான் அது முடிவெடுக்கும். ஏர்பேக்குக்கு எஸ்.ஆர்.எஸ். என்று ஸ்டியரிங்கில் எழுதியிருக்கிறதே, அதில் முதல் எழுத்துக்கே 'துணை' என்றுதான் அர்த்தம். பெல்ட்டுக்குத் துணை. கண் சிமிட்டுவதற்குள் அது விரிந்துவிடும். பெல்ட் இல்லாதவர் பிரேக் அடித்தபோதே முன்னால் சரிந்திருப்பார், விரிந்துகொண்டிருக்கும் பையின் மேலேயே முகத்தோடு போய் விழுவார். அது தலையணை இல்லை, அந்த நேரத்தில் அது முகத்தில் விழும் ஒரு அறை.

கோளாறை அழிக்க ஆன காசு பெரிதில்லை. உடைந்த தகடு மாட்டிய பக்கிளை மட்டும் சரிசெய்ய முடியாது, முழுசாக மாற்ற வேண்டும் என்றார்கள். மூன்று மூட்டை டி.ஏ.பி. உரம் வாங்கும் காசு. கிளிப், அபராதம், பக்கிள் என்று கூட்டிப் பார்த்தேன். பிறகு கூட்டுவதை நிறுத்திவிட்டேன்.

"இந்த சத்தத்தையே நிரந்தரமா ஆஃப் பண்ண முடியாதா தம்பி?" என்று கடைசியாக ஒரு தடவை கேட்டேன். சில வண்டிகளில் வழி உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு கார்களின் கையேட்டிலேயே பெல்ட்டை இத்தனை தடவை மாட்டிக் கழற்று என்று ஒரு மந்திரம் போல எழுதியிருக்கும். என் வண்டியில் அப்படி இல்லை, கம்ப்யூட்டரில் மாற்றித் தரவும் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு பதிலாக அந்தத் தம்பி ஒரு கேள்வி கேட்டான்.

"இந்த சீட்ல யாரு சார் உக்காருவாங்க?"

"எங்கப்பா."

"அவரு ஏன் போட மாட்டேங்கறாரு?"

"வயசானவரு. பிடிக்கலை."

"அதான் சார், ஏன் பிடிக்கலை?"

எனக்கு பதில் தெரியவில்லை. ஆறு மாதமாகச் சத்தத்தை எப்படி நிறுத்துவது என்று ஊரெல்லாம் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஏன் என்று ஒரு தடவை கேட்டதில்லை. போடுப்பா, போடுப்பா என்று சொன்னதுதான்.

அந்தத் தம்பி, "அப்பா குள்ளமா, உயரமா?" என்றான். குள்ளம்தான், ஐந்தடி இரண்டு அங்குலம் இருப்பார். கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணில், பெல்ட் மேலே வந்து தொங்கும் இடத்தில் ஒரு சின்ன பொத்தான். அதை அமுக்கிக்கொண்டு கீழே இழுத்தான். கடக், கடக் என்று இரண்டு படி இறங்கியது. இரண்டு வருடமாக அந்த வண்டியை வைத்திருக்கிறேன், அது நகரும் என்றே எனக்குத் தெரியாது. மேலே இருந்தபோது பெல்ட் அப்பாவின் கழுத்தை அறுத்துக்கொண்டு போயிருக்கும். சரியான இடம் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில், காறை எலும்பின் மேல். உங்கள் வண்டியில் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். இல்லாத வண்டியும் உண்டு. அப்படியானால் சீட்டை உயர்த்த முடிகிறதா என்று பார்க்கலாம்.

அன்று சாயங்காலம் திண்ணையில் அப்பாவிடம் கேட்டேன். "ஏம்ப்பா, பெல்ட் ஏன் போட மாட்டேன்ற?" அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "கழுத்துல சுருக்கு மாட்டினாப்ல இருக்குதுடா" என்றார். அதற்குத்தான் வழி கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

மறுநாள் காலை அவர் ஏறும்போது நான் வண்டியைக் கிளப்பாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். இடது கையை மெல்லப் பின்னால் கொண்டுபோனார், பெல்ட்டைப் பிடிக்க. கை பாதியில் நின்றது. முகத்தில் ஒரு சுளிப்பு. பிறகு ஏதோ சீட்டில் தூசி தட்டுவதுபோல இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தூசி தட்டலை நான் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். எத்தனையோ நாள். தூசி தட்டுகிறார் என்றே நினைத்திருக்கிறேன்.

இடது தோள்பட்டை இறுகிப்போயிருந்தது. சட்டை போடும்போதும் இடது கையைத்தான் முதலில் விடுவார் என்பது அப்புறம் கவனித்தபோது தெரிந்தது. அவருக்குப் பதினைந்து வருடச் சர்க்கரை. சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் இப்படி இறுகுவது அதிகம் என்று டாக்டர் சொன்னார். தர்மபுரியில் பிசியோதெரபி ஆரம்பித்தோம். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டபோதுகூட, "அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றுதான் சொன்னார். எழுபத்து நாலு வருஷம் மாமரம் ஏறி இறங்கியவர், ஒரு நாடாவை இழுக்கக் கை வரவில்லை என்று மகனிடம் எப்படிச் சொல்வார்?

வழி சின்னதுதான். இடது கையைப் பின்னால் கொண்டுபோகாமல், உடம்பைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி, வலது கையைக் குறுக்கே கொண்டுபோய்ப் பெல்ட்டைப் பிடிக்க வேண்டும். அதுவும் முடியாத நாளில் பின்சீட்டிலிருந்து என் மகள் பெல்ட்டின் நாக்கைப் பிடித்து முன்னால் நீட்டுவாள், அவர் வாங்கி மாட்டிக்கொள்வார். அது அவளுடைய உத்தியோகம் ஆகிவிட்டது. தாத்தாவுக்குக் கொடுத்த பிறகு தன்னுடையதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். பின்சீட்டில் முன்னோக்கி உட்காருகிறவர்களும் பெல்ட் போட வேண்டும் என்றுதான் விதி, நம் ஊரில் யாரும் அதைப் பேசுவதில்லை. அவளுக்கும் பெல்ட் கழுத்தில்தான் பட்டது, உயரம் போதாததால். பூஸ்டர் சீட் ஒன்று வாங்கிப் போட்டோம். பிள்ளை 145 செ.மீ. உயரம் வரும்வரை அது வேண்டும் என்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் எங்கள் வீட்டு வாசல். சரிவான இடம். வண்டி சரிவில் நிற்கும்போது பெல்ட் இழுத்தால் வரவில்லை, பூட்டிக்கொண்டது. அப்பா பலமாக இழுப்பார், அது இன்னும் முறைக்கும். கெட்டுப்போய்விட்டது என்று அவர் முடிவுகட்டி வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கெடவில்லை. வண்டி சாய்ந்தாலோ நாடாவை வெடுக்கென்று இழுத்தாலோ பூட்டிக்கொள்வதுதான் அதன் குணம், அதற்குத்தான் செய்திருக்கிறார்கள். கொஞ்சம் உள்ளே விட்டு, மெதுவாக இழுத்தால் வரும். இல்லாவிட்டால் சமதரைக்கு வந்து போட்டுக்கொள்ளலாம். நாங்கள் இப்போது தெருவில் வண்டியை இறக்கிய பிறகுதான் அப்பாவை ஏற்றுகிறோம்.

இடுப்புப் பட்டையும் தகராறு செய்தது. அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனது, பட்டை வயிற்றின் மேலே ஏறி அந்த இடத்தை அழுத்தியது. அது இருக்க வேண்டிய இடம் வயிறு இல்லை, இடுப்பு எலும்பு. சீட்டில் பின்னால் நன்றாகத் தள்ளி உட்கார்ந்து, பட்டையைக் கீழே இறக்கி, மேல் நாடாவை ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் சரியாகிவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் இதேதான், பட்டை வயிற்றுக்குக் கீழே. சாய்த்த சீட்டில் இது நடக்காது. சாய்ந்து படுத்தால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவிப் போகும். சீட்டை நிமிர்த்தத்தான் அப்பாவோடு பெரிய சண்டை. அதோடு வேட்டி மடிப்பில் அவர் வைக்கும் வெற்றிலைப் பொட்டலமும் பட்டைக்கு அடியில் மாட்டி அழுத்தியது. பொட்டலம் சட்டைப் பைக்குக் குடிபெயர்ந்தது.

"எதுக்குடா இத்தனை? நீ அறுபதுக்கு மேல போறதே இல்லியே" என்றார் ஒரு நாள். அறுபதில் போய் சுவரில் மோதுவதும் பதினான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் ஒரே வேகம்தான், பள்ளிக்கூடக் கணக்கு. நம்ம கிணற்று மேட்டுத் தென்னைமரத்து உச்சியிலிருந்து விழுவதுபோல என்றேன். யோசித்தார். "தளை இல்லாம எவன் மரம் ஏறுவான்?" என்றார். மரம் ஏறுகிறவர்கள் காலில் மாட்டிக்கொள்ளும் கயிற்று வளையம்தான் தளை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சீட் பெல்ட்டுக்குப் பெயர் தளை. "பாப்பா, தளையக் குடு" என்று பின்னால் கை நீட்டுவார்.

இரண்டு விஷயம் பாக்கி. சீசன் நேரத்தில் பெங்களூரா ரக மாங்காய் கிரேட்டை, அதாவது பெட்டியை, முன்சீட்டில் வைத்தால் டிங் டிங் அடிக்கிறது என்பது பலருடைய புலம்பல், நானும் புலம்பியவன். சீட்டுக்குள் எடை பார்க்கும் சென்சார் இருக்கிறது, அதற்கு மாங்காயும் மனுஷனும் ஒன்று. இது இன்று நேற்றுக் கதை இல்லை. அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில் பெல்ட் போடாவிட்டால் வண்டியே ஸ்டார்ட் ஆகாதபடி வைத்தார்கள். மளிகைப் பையை முன்சீட்டில் வைத்தாலும் நாய் ஏறி உட்கார்ந்தாலும் வண்டி கிளம்பாது. ஜனங்கள் கொதித்துப்போய், அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அவர்கள் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டது, எச்சரிக்கைச் சத்தமும் எட்டு வினாடிக்கு மேல் கட்டாயமில்லை என்று ஆக்கியது. எங்கப்பா மட்டும் பிடிவாதக்காரர் இல்லை என்று இதைப் படித்தபோது ஒரு ஆறுதல். கிரேட்டுக்கு என் வழி: டிக்கியில் வைப்பேன். டிக்கி நிறைந்துவிட்டால் முன்சீட்டு கிரேட்டுக்கும் பெல்ட் போடுவேன். சத்தமும் வராது, பிரேக் அடித்தால் இருபது கிலோ மாங்காய் கியர் மேல் வந்து விழவும் செய்யாது.

இன்னொன்று, பெல்ட் போட்டிருந்தும் சத்தம் வந்தால். போன மழைக்காலத்தில் என் பக்கம் அப்படி வந்தது. பதறவில்லை, சீட்டுக்கு அடியில் கையும் விடவில்லை. பக்கிள் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். நிப்பட் துகள். எண்ணெய்ப் பலகாரம் பிசுபிசுத்து அடியில் ஒட்டியிருந்தது. பஞ்சர் கடையில் காற்றடிக்கும் குழாயை வைத்து ஒரு ஊது, சரியாகிவிட்டது. காசு, மிட்டாய், புளியங்கொட்டை என்று பிள்ளைகள் உள்ள வண்டியில் எதுவும் இருக்கலாம். எண்ணெய் விட்டு இளக்கப் பார்க்காதீர்கள், தூசி இன்னும் ஒட்டும். ஊதியும் சரியாகாவிட்டால் சர்வீஸ் சென்டர்தான்.

ஜோடியில் மிஞ்சிய அந்த ஒரு கிளிப், காரிமங்கலத்தில் கையில் வாங்கியது, கடை மேசை டிராயரில் கிடக்கிறது. வெயில் காலத்தில் பையன் பன்னீர் சோடா வாங்கி வந்தால் தேடி எடுப்போம். மூடி ஒரே நெம்பில் வந்துவிடுகிறது.